அரை டம்ளர் மரியாதை

எங்கள் வீட்டில் யாருக்கும் டம்ளர் நிறைய எதையும் கொடுக்க மாட்டார்கள். தண்ணீரானாலும் மோரானாலும் அரை டம்ளர்தான். வேண்டுமென்றால் இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளலாம். ஏன் என்று ஒருநாள் அம்மாவைக் கேட்டேன். "நம்ம வூட்டு மரியாதை அப்படித்தான்" என்றாள். அன்றிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்திலேயே மரியாதை தெரிந்த குடும்பம் எங்களுடையதுதான் என்று எனக்கு நினைப்பு. அடுத்த வீட்டில் விளிம்பு வரை மோர் ஊற்றிக் கொடுத்தால், ஐயோ பாவம், இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று இரக்கப்பட்டுக்கொண்டே முழுவதையும் குடித்துவிட்டு வருவேன்.

என் பெருமைக்கு இன்னொரு காரணம் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட கொல்லையின் கிணற்றில் கால் வழுக்கி விழுந்துவிட்டாராம். தூக்கியபோது மூச்சில்லை. குயவர் வீட்டுச் சக்கரத்தில் குப்புறக் கிடத்திச் சுற்றியதில் தண்ணீரெல்லாம் வெளியேறி உயிர் திரும்பியதாம். செத்துப் பிழைத்த மாமா வேறு எந்தப் பிள்ளைக்கு இருந்தார்? அந்தக் கதையைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் நான் வேண்டிய மட்டும் புளியங்காய் சம்பாதித்திருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருந்தால் மாமாவிடம் ஒரு குறையும் தெரியாது. எதையாவது எடுக்கக் கை நீட்டினால்தான் கை வெட்டி வெட்டி இழுக்கும். கதவைச் சத்தமாகச் சாத்தினால் உடம்பே தூக்கிப்போடும். சட்டைப் பொத்தான்களை அம்மாதான் போட்டுவிடுவாள். "சக்கரம் இன்னும் உள்ள சுத்திக்கினே இருக்குது பாப்பா" என்று சிரிப்பார். அதையும் நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெண் கொடுக்க முன்வரவில்லை. கடைசியில் திண்டிவனத்தில் ஓர் இடம் வந்தது. விழுப்புரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, காப்பி வந்தா நீ கைய நீட்டாத. நான் வாங்கி ஒன் பக்கத்துல வெச்சிடறேன்."

"எத்தினி நாளைக்குக்கா மறைப்ப?"

"மொதல்ல பொண்ணப் பாரு. அப்பறம் சொல்லிக்கலாம்."

பெண் தட்டோடு வந்தாள். வரிசையில் முதலில் இருந்த அம்மாவை விட்டுவிட்டு நேராக மாமாவிடம் வந்து நின்றாள். எல்லா டம்ளரிலும் காப்பி தளும்பியது. மாமா கை நீட்டினார். கை வெட்டி இழுத்தது. சட்டென்று மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கோ வேறு கோபம்.

"எங்க வூட்ல இப்படி வழிய வழிய ஊத்த மாட்டாங்க. அரை டம்ளர்தான் மரியாதை" என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெண் என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவின் மடியைப் பார்த்தாள். "இருங்க, வர்றேன்" என்று தட்டோடு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அத்தனை டம்ளரும் பாதியாக இருந்தன. அவளுடைய அப்பாவுக்கும் பாதிதான், எனக்கும் பாதிதான். மாமா மறுபடி கை நீட்டினார். கை வெட்டியது, காப்பி விளிம்பு வரை ஏறி இறங்கியது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்பாவிடம் திரும்பினார்.

"கெணத்துல வுழுந்து பொழைச்சவன்ங்க நானு. அதுலேர்ந்து கை இப்படித்தான். தெரிஞ்சிக்கினு பொண்ணக் குடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் காப்பி வேணுமான்னு கேளுங்கப்பா" என்றாள்.

திண்டிவனத்துக்காரர்களுக்கே மரியாதை கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று ஊர் திரும்பியதும் தெருவெல்லாம் சொன்னேன். அவள் என் அத்தையாக வீட்டுக்கு வந்த பிறகும், என்னிடம் பாடம் கேட்டவள் என்ற தோரணையில்தான் நடந்துகொண்டேன். அத்தை ஒருநாளும் மறுத்ததில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நான் பெருமைப்பட்டது தப்பில்லை. எதற்காகப் பெருமைப்பட வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. தம்பியின் டம்ளர் மட்டும் தனியாகக் குறைந்திருக்கக் கூடாதென்று வீட்டையே அரை டம்ளருக்குப் பழக்கியிருந்தாள் அம்மா. அத்தனை வருஷம் கூடவே இருந்தும் நான் அறியாத அதை, அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் அத்தை அறிந்துகொண்டாள்.