மேவிஸ் விழுங்கிய சாரி

மேவிஸ் ஹார்ட்லி முப்பத்தொரு வருஷம் லாரிகளை நிறுத்தியவள். யார்க்‌ஷயர் கடற்கரையில் ஸ்கார்பி என்கிற இங்கிலாந்து ஊரின் பள்ளிக்கூட வாசலில், மழையானாலும் பனியானாலும், காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை, கணுக்கால்வரை தொங்கும் மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பாள். கையில் ஒரு நீளக் கோல். அதன் உச்சியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. அதை நடுத்தெருவில் ஊன்றினால் மீன் ஏற்றி வந்த பத்து டன் லாரியும் பெட்டிப் பாம்பாக அடங்கி நிற்கும். பிள்ளைகள் கடந்து போவார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையின் முழங்காலிலும் சிராய்ப்பு இல்லை. கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறியதும் மேவிஸ் கோலைத் தூக்குவாள். நிறுத்தி வைத்த லாரிக்காரனைப் பார்த்து, "சாரி கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

அந்த ஊரில் சாரி என்பது இருமல் போல, தொண்டையில் தானாக வரும். பஸ்ஸில் காலை மிதித்தவனும் சொல்வான், மிதிபட்டவனும் சொல்வான். மிதிபட்டவன் முந்திக்கொள்வான். மேவிஸ் ஊரையே மிஞ்சியவள். அவளுடைய கல்யாணத்தில் பாதிரியார் பெயரை மாற்றி ‘மார்கரெட்’ என்று வாசித்தார். சாரி சொன்னவள் மணப்பெண். கணவன் டெரெக்கின் சாவுக்குச் சவப்பெட்டிக்காரர் இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். அவரிடமும் இவள்தான் சொன்னாள். விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு கம்பத்திடம் சொன்னதை எதிர்வீட்டு பெரில் கண்ணால் பார்த்தவள். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கேக் வெட்டி, ஒரு பழைய கோலையே பரிசாகக் கொடுத்தார்கள். அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். மறு மாதம் மஸ்டர்ட் வந்தான்.

மஸ்டர்ட் என்றால் கடுகு. நிறமும் கடுகுதான், உருவமும் ஏறக்குறைய அதுதான். ருமேனியாவில் ஏதோ தெருவில் பிடித்து, வேனில் ஏற்றி, இங்கிலாந்தில் வீடு தேடிக் கொடுக்கிறார்கள் அல்லவா, அப்படி வந்த நாய். அங்கே யாரோ அவனை மேலேயிருந்து அடித்திருக்கிறார்கள். எதனால், எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. தலைக்கு மேலே கை வந்தால் மட்டும் அவனுக்கு உலகமே முடிந்துவிடும். மேவிஸ் நாற்பது நாள் சமையலறைத் தரையில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தாள். நாற்பத்தோராம் நாள் அவனாக வந்து அவள் இடுப்பில் முகத்தைச் சாய்த்தான். அன்று அவள் அழுததை பெரிலிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியே போகும்போது அவனுக்கு ஒரு மஞ்சள் சட்டை மாட்டுவாள். அதில் கறுப்பில், பெரிய எழுத்தில், ‘பயந்த நாய். தொட வேண்டாம்’ என்று இருக்கும். தூரத்திலிருந்தே படிக்கலாம். ஆனால் படிப்பதற்குக் கண் மட்டும் போதாதே. அந்த ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாத மனிதனிடம் மழையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேச மாட்டார்கள். முன்பின் தெரியாத நாயை மட்டும் கேட்காமல் கொள்ளாமல் கட்டிக்கொள்வார்கள். நாய் என்ன கோயில் மணியா, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக?

ஈஸ்டர் சனிக்கிழமை. துறைமுகத்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைக்கு முன்னால் நீண்ட வரிசை. மேவிஸ் நாலாவது ஆள். மஸ்டர்டைச் சுவரோரமாக, இரண்டு காலுக்கு நடுவே நிறுத்தி, வாரைக் குட்டையாகப் பிடித்திருந்தாள். பின்னால் வந்து நின்றவர் நைஜல் தார்ன்பர். இன்ஷூரன்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர்ப் பூந்தோட்டக் கமிட்டித் தலைவர். தன்னைப் பிடிக்காத உயிர் ஒன்று இருக்க முடியும் என்கிற சந்தேகமே வாழ்க்கையில் வராத மனிதர்.

"அடடே, யார்டா இது குட்டிப் பயலே" என்று குனிந்தார்.

"சாரி, அவன் கொஞ்சம் கூச்சப்படுவான்" என்றாள் மேவிஸ்.

"என்கிட்ட எந்த நாயும் கூச்சப்படாதும்மா. நாய்க்கு மனுஷன தெரியும்."

"சட்டையில எழுதியிருக்கு, சாரி, பாத்தீங்கன்னா..."

"அது நாயோட பழகத் தெரியாதவங்களுக்கு எழுதினது. எனக்கு எதுக்கு?"

மேவிஸ் நாயைத் தூக்கிக்கொண்டு விலகியிருக்கலாம். ஆனால் அதற்கு வரிசையை விட்டு வெளியே வர வேண்டும். ஸ்கார்பியில் பிறந்தவர்கள் வீடு தீப்பற்றினாலும் வரிசையை விட மாட்டார்கள். நின்றாள். மஸ்டர்ட் தன்னால் சொல்ல முடிந்ததையெல்லாம் சொன்னான். முகத்தைத் திருப்பினான். உதட்டை நக்கினான். வாலை வயிற்றுக்குள் சுருட்டினான். கடைசியில் அடித்தொண்டையில் உறுமினான்.

"பாருங்க, என்கூடப் பேசறான்" என்றார் நைஜல். சொல்லிக்கொண்டே தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் வைத்தார்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. கட்டைவிரலில் இரண்டு பல் பதிந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ரத்தம்.

"ஐயோ சாரி. ரொம்ப சாரி. சாரி சாரி" என்று அடுக்கிக்கொண்டே போனாள் மேவிஸ். ஏழு தடவை சொன்னதாக வறுவல் கடைக்காரர் பிற்பாடு கணக்குச் சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவரும் இடத்தை விட்டு நகராததால் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை.

மூன்று நாள் கழித்து கான்ஸ்டபிள் லியான் மேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். மேவிஸ் கைப்பிடித்துச் சாலையைக் கடக்கவைத்த பிள்ளைதான் அவளும்.

"வா கண்ணு, டீ போடவா?"

"இன்னிக்கு நான் போலீசா வந்திருக்கேன், மிஸஸ் ஹார்ட்லி. உக்காருங்க." லியான் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "தார்ன்பர் புகார் கொடுத்திருக்கார். ரெண்டு வழி இருக்கு. தப்பு உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டு இதுல கையெழுத்துப் போட்டு, அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதாசி எழுதணும். வெளிய போறப்பல்லாம் நாய்க்கு வாய்க்கூடு. இதோட முடிஞ்சிடும்."

"போடலன்னா?"

"மேலிடத்துக்குப் போகும். கோர்ட்டுக்கும் போகலாம். கோர்ட்ல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமில்லன்னு விட்டாலும் விடுவாங்க. நாயை முடிச்சிடச் சொன்னாலும் சொல்லுவாங்க."

மேசைக்கு அடியில் மஸ்டர்ட் அவள் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டு, மறுபடி எவனாவது கைய நீட்டி, மறுபடி இப்படி ஆச்சுன்னா?"

லியான் தயங்கினாள். "அப்ப இந்தத் தாளும் கூட வரும். ஏற்கெனவே கடிச்ச நாய்னு ஆயிடும். ரொம்பக் கஷ்டம்."

"தப்பு என்னோடதுன்னு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"நீங்க அங்கேயே மன்னிப்புக் கேட்டுட்டீங்களே. பதினோரு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க."

அன்று சாயங்காலம் பெரில் வந்து தலையிலடித்துக்கொண்டாள். "போட்டுத் தொலையேன் மேவிஸ். பொறந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கற வார்த்தைதானே. கம்பத்துக்கே சொன்னவ, தார்ன்பருக்குச் சொன்னா என்ன கொறஞ்சுடப் போற?"

"கம்பம் அதை எழுதி வச்சுக்கல."

"வீம்பு பண்ணி நாயக் கொன்னுடாதடி."

"கையெழுத்துப் போட்டாத்தான் கொன்னுடுவாங்க, பெரில். கைய நீட்டறவன் நாளைக்கும் வருவான், நாளான்னிக்கும் வருவான். வாய்க்கூட்டுக்குள்ள மூக்கு எவன் கையில இடிச்சாலும் போச்சு. அந்தத் தாள் இருக்கற வரைக்கும் மஸ்டர்ட் குத்தவாளி. முப்பத்தொரு வருஷம் நான் நின்னேன். என் பலகையத் தாண்டி எவனாவது வந்து மோதியிருந்தா, அவன விட்டுட்டுப் பிள்ளைகிட்டயா கையெழுத்துக் கேட்டிருப்பாங்க? எழுத மாட்டேன். ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்."

பெரில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மேவிஸ் ‘மாட்டேன்’ என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. மேவிஸுக்கே அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது. ஆள் போன பிறகு சமையலறையில் தனியாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் கோர்ட் என்றால் பயம் இல்லாமல் இல்லை. மேலிடத்துக்கு அனுப்புமுன் இருவரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிறேன் என்று லியான் சொன்னபோது, மேவிஸ் இருக்கிற ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மஸ்டர்டைப் பெரிலிடம் விட்டாள்.

நூலகத்தின் பின்னறை. ஒரு சின்ன மேசை, மூன்று நாற்காலி, ஒரு தட்டு பிஸ்கட். லியானும் மேவிஸும் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆன பிறகு நைஜல் வந்தார். காயம் ஆறி மூன்று வாரம். கட்டைவிரலில் கட்டு மட்டும் கொழுக்கட்டை அளவுக்கு இருந்தது. இடமோ நெருக்கம். நாற்காலியை இழுத்து மேவிஸுக்குப் பக்கத்தில் போட்டார். நாற்காலிக் கால் மேவிஸின் பாதத்தின் மேல் நின்றது. அதைப் பார்க்காமல் முழு உடம்பையும் இறக்கி உட்கார்ந்தார்.

மேவிஸுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "சாரி கண்ணு" என்றாள். "சாரி."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் நைஜல், பெருந்தன்மையோடு கையசைத்து.

காலை உருவி எடுத்துக்கொண்ட மேவிஸ் அப்படியே நிமிர்ந்தாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது அன்றுதான்.

"லியான், எழுது" என்றாள்.

"என்னத்த, மிஸஸ் ஹார்ட்லி?"

"இப்ப நடந்தத. அவர் நாற்காலிய என் கால் மேல போட்டு உக்காந்தார். நான் சாரி சொன்னேன். அவர் பரவாயில்லன்னு மன்னிச்சு விட்டார். தப்பு யாரோடதுன்னு அதுக்குப் பக்கத்துல எழுது."

நைஜல் குனிந்து அவள் காலணியைப் பார்த்தார். நாற்காலிக் கால் பதிந்த வட்டம் தெளிவாக இருந்தது. "நான் கவனிக்கல" என்றார்.

"அன்னிக்கும் கவனிக்கல. சட்டையில எழுதினதக் கவனிக்கல. அவன் மூஞ்சியத் திருப்பினதக் கவனிக்கல. உறுமினதுக்குப் பேசறான்னு அர்த்தம் பண்ணிக்கிட்டீங்க. அவன் பேசத்தான் செஞ்சான். தொடாதேன்னு பேசினான்."

"நாய்னா எனக்கு உயிர்" என்றார் நைஜல், குரல் கொஞ்சம் இறங்கி.

"உங்களுக்கு உயிர், சரி. அவனுக்கு நீங்க யாரு?"

லியான் பேனாவை மேசையில் வைத்தாள். "மிஸ்டர் தார்ன்பர், தொடறதுக்கு முன்னால கேட்டீங்களா?"

"நாய்தானே, கேக்க என்ன இருக்கு?" வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று உறைத்தது.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?" என்று லியான் மேவிஸ் பக்கம் திரும்பினாள்.

மேவிஸ் பொய் சொல்லவில்லை. "இல்ல. கூச்சப்படுவான்னு சொன்னேன், சாரின்னு சொன்னேன், வேண்டாம்னு மட்டும் சொல்லல. வரிசைய விட்டும் வரல. அது என் தப்பு. அத வேணா எழுதிக்கோ, கையெழுத்துப் போடறேன். கூட்டம் இருக்கற எடத்துல அவனுக்கு வாய்க்கூடு போடறேன், அது என் பொறுப்பு. தண்டனைன்னு எழுதினா போட மாட்டேன். கடிச்சது என் நாய்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். கோர்ட்டுக்குத்தான் போகணும்னா போவோம். இந்தச் செருப்பையே போட்டுக்கிட்டு வரேன்."

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. நைஜல் கட்டைவிரலைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். புகாரை மேலே கொண்டுபோக வேண்டாம் என்று லியானிடம் முணுமுணுத்தார். லியான் அந்தத் தாளை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டாள். மேவிஸ் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்த கோல் மறுநாள் வெளியே வந்தது. கடற்கரை நடைபாதையில் ஒரு கையில் மஸ்டர்டின் வார், மறு கையில் வட்டப் பலகைக் கோல். சாலையில் தவிர வேறெங்கும் அதைப் பிடிக்கக் கூடாது என்று யாரோ சட்டம் பேசினார்கள். "நான் வண்டிய நிறுத்தல கண்ணு, ஆளத்தான் நிறுத்தறேன்" என்றாள். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மஸ்டர்டை எவனும் தொடவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. எதிரே நைஜல், கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேரோடு பூந்தொட்டிகளைப் பார்வையிட்டுக்கொண்டு வந்தார். மேவிஸைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் நாலு பேர் பார்க்கிறார்களே. கோட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

"பழசெல்லாம் மறந்தாச்சு, இல்லியா? நானும் இந்தக் குட்டிப் பயலும் ஒரு சமாதானம் பண்ணிக்கறோம்" என்று இரண்டடி எடுத்து வைத்தார்.

மேவிஸ் கோலைத் தூக்கி நடைபாதைக்கு நடுவே ஊன்றினாள். தரை அதிர்ந்தது. நைஜல் நின்றார். கமிட்டியும் நின்றது. பின்னால் சைக்கிளில் வந்தவன்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டான்.

"வேண்டாம்" என்றாள்.

நைஜல் பிஸ்கட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "சாரி" என்றார்.

அந்த ஊர் வழக்கப்படி இவளும் இப்போது ஒரு சாரி சொல்ல வேண்டும். குறைந்தது ‘பரவாயில்ல’ என்றாவது சொல்ல வேண்டும். கமிட்டி முழுவதும் அதற்காகக் காத்திருந்தது. மேவிஸுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"ஆமா" என்றாள்.

மஸ்டர்ட் வாலை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் தாண்டி நடந்தான். அவன் கடந்து முடிக்கும்வரை மேவிஸ் கோலை அசைக்கவில்லை. பிறகு தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு அவன் பின்னால் போனாள். நிறுத்தி வைத்தவர்களைப் பார்த்து அன்று ஒன்றும் சொல்லவில்லை.