அத்தைக்குச் சொன்ன மூன்று படங்கள்

அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததும், கோட்டுச்சேரிமேட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று என் மனைவி தன் அம்மாவைக் கோவில்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. அப்படித்தான் நானும் அத்தையும் பகல் முழுக்க ஒரே வீட்டில் இருக்கும்படி ஆனது.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் பூவம் கிராமத்து விவசாயக் குடும்பம். அத்தை மீன் விற்கிறவர். ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்து அம்மாக்களும் வரவில்லை. எங்கள் மகள் பிறந்த பிறகு இருவரும் வந்துபோக ஆரம்பித்தார்கள், ஆனால் ஒரே நாளில் வந்ததில்லை. அத்தை என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். எதுவானாலும் என் மனைவி வழியாகத்தான்.

சில நாளைக்கு டிவி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு கூடத்துக் கட்டிலில் படுத்திருப்பார். நான் லேப்டாப்பில் ஒரு வெளிநாட்டு இயக்குநரின் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். உலகமெங்கும் கொண்டாடப்படுகிறவர். அதிகம் பேசப்பட்ட அவருடைய மூன்று படங்களை நெடுநாளாக எடுத்துவைத்திருந்தேன். முதல் படத்தில் அண்ணனும் தம்பியும் வீட்டின் நடுவே சுவர் எழுப்புகிறார்கள். பாதியில், "யாரு அழுவுறா?" என்று ஒரு குரல். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், வீட்டில் வேறு யாருமில்லை. அத்தை என்னிடம்தான் கேட்கிறார் என்று புரியவே சற்று நேரமாயிற்று.

படத்தை நிறுத்தி முதலிலிருந்து சொன்னேன். அந்த இயக்குநரின் படங்களில் பேச்சு குறைவு. ஒருத்தி ஜன்னலருகே நின்றுகொண்டே இருப்பாள். நிற்கிறாள் என்று சொன்னால் அத்தைக்குப் போதாது, முகம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அவருக்குச் சொல்வதற்காகவே நான் முகங்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். மறுநாள் இரண்டாவது படம். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. அத்தை பல இடங்களில் சிரித்தார்.

மூன்றாவதுதான் அந்த இயக்குநருக்குப் பெரும்புகழ் வாங்கித் தந்தது. கொஞ்சம் போனபிறகுதான் கதை தெரிந்தது. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்கிறாள், அம்மா போகவில்லை. நான் தயங்கினேன். வேறு படம் போடட்டுமா என்று கேட்டேன்.

"ஏன், எனக்கு சங்கடமா இருக்கும்னா? உள்ளதைச் சொல்லுங்க மாப்ள."

சொன்னேன். கடைசியில் அந்த அம்மா மகள் வீட்டு வாசல்வரை வந்து, கதவைத் தட்டாமலே திரும்பிவிடுகிறாள். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒங்க கல்யாணத்தன்னிக்கு எனக்கும் வீட்ல இருப்புக்கொள்ளல. கூடையத் தூக்கிட்டு பூவத்துக்குப் போனேன், மாப்ள வீடு எப்படின்னு பாக்க. உங்கம்மா வந்து கெழங்கா மீன் வாங்குனாங்க. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. நான் யாருன்னு சொல்லல. செதிலெடுத்து ஆஞ்சு குடுத்துட்டு வந்துட்டேன்."

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் இது தெரியாது. அம்மாவின் காலருகே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் என் அம்மாவுக்குப் போன் செய்தேன். மீன் வாங்கியதெல்லாம் நினைவில்லை என்றார். பிறகு குரல் தணிந்து, "அன்னிக்குக் கொழம்பு வச்சேன். யாருக்கும் எறங்கல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் ஏறி வந்தார். கண் உறுத்துகிறதா என்று அத்தையிடம் கேட்டார். அத்தை நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். சொட்டு மருந்து விடும் நேரம் வந்தபோது நான் எழுந்தேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அம்மா கையைக் கழுவிக்கொண்டு வரப் போனார்.