கழுவாமல் வைத்த கோப்பை

பதினொரு வருடமாக, டெனிஷ் நகரமான ஓகூஸில் ஒரு நீச்சல் தடாகத்துக் கன்டீனில் வேலை செய்கிறேன். அதனால், ஒரு திங்கட்கிழமை காலை சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட பெண் ஒருத்தி வந்து, "தனியாகப் பேசலாமா?" என்று கேட்டபோது, சுகாதாரப் பரிசோதனைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சுத்தத்துக்குச் சான்றாகக் கதவில் ஒட்டியிருக்கும் சிரித்த முகப் படம் பறிபோகப் போகிறதே என்ற பயத்தில், குளிர்பெட்டியின் வெப்பநிலை எழுதும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவளைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனேன்.

அவள் கொப்பியைப் பார்க்கவே இல்லை. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, உளவுப் பிரிவின் அடையாள அட்டையைக் காட்டினாள். பிறகு ஒரு பழைய படத்தைக் காட்டினாள். இராணுவச் சீருடையில் ஒருவன். மீசையை எடுத்துவிட்டு, முப்பது வயதைக் கூட்டிப் பார்த்தேன். புதன்கிழமைகளில் நீந்திவிட்டு வந்து ஜன்னலோரம் இருந்து கோப்பி குடிக்கும் மனிதர். நான் சுடும் கறுவாப் பணிஸை வாய் நிறையப் புகழ்பவர்.

அவருடைய நாட்டில் யுத்தம் நடந்தபோது ஒரு தடுப்பு முகாமுக்குப் பொறுப்பாக இருந்தாராம். உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. பிறகு வேறு பெயரில் நாடு நாடாக மாறி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

"அவர்தானா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். அவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் தாருங்கள். அது போதும்," என்றாள். "உங்கள் கணவருக்கும் சொல்லக் கூடாது."

யுத்தத்துக்குத் தப்பி வந்தவள் நான். முகாம் என்ற சொல்லைக் கேட்டபோதே சம்மதிக்க முடிவெடுத்துவிட்டேன். ஆனால் அவள் போன அடுத்த நிமிடமே தலை கிறுகிறுக்கத் தொடங்கியது. நானும் ஒரு உளவாளி. சைக்கிளில் போகும்போது வாய்விட்டே சிரித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னப்பா, தனியச் சிரிக்கிறீர்?" என்றார் கணவர்.

"பஸ்ஸிலை ஒரு பகிடி நடந்தது."

"நீர் சைக்கிளிலை எல்லோ போனனீர்?"

"ஓம், பக்கத்திலை போன பஸ்."

புதன்கிழமை அந்த மனிதர் ஈரத் தலையோடு வந்தார், குடித்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். கையுறை மாட்டிக்கொண்டு கோப்பையை எடுக்கப் புறப்பட்டேன். அதற்குள் கவுண்டரில் ஒரு குடும்பம் ஆறு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல் கேட்டது. கொடுத்துவிட்டுத் திரும்பினால் மேசை வெறுமையாக இருந்தது.

எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் அண்ணையும் என்னைப்போல யாழ்ப்பாணத்தவர்தான். அழுக்குக் கோப்பை ஒன்று மேசையில் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

"அண்ணை, ஜன்னலடியிலை இருந்த கோப்பை எங்கை?"

"கழுவியாச்சு, பிள்ளை."

"ஏன் கழுவினீங்கள்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுவத்தானே என்னை வைச்சிருக்கினம்."

களஞ்சிய அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணீர் வருமட்டும் சிரித்தேன்.

அடுத்த புதன், அந்த மனிதர் குடித்துவிட்டுப் போனதும், அண்ணையைக் களஞ்சியத்துக்கு அனுப்பி ஏலக்காய் தேடச் சொன்னேன். எங்கள் கன்டீனில் ஏலக்காய் இருந்ததே இல்லை. கோப்பையை இரண்டு விரலால் தூக்கிப் பாண் துண்டுகள் போடும் பையில் போட்டு, மூலை மேசையில் இருந்த சாம்பல் ஜாக்கெட்காரியிடம் கொடுத்தேன். சந்தேகம் வராமலிருக்க அவளும் உண்மையாகவே நீந்தியிருந்தாள். அவளுடைய தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன் காலை அவள் தொலைபேசியில் அழைத்தாள். "அவர்தான். இன்று நீங்கள் வழக்கம்போலவே இருங்கள்," என்றாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இருந்திருப்பேன். அவருடைய தட்டில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று பணிஸ் வைத்துவிட்டேன்.

"இன்று ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.

"என் பிறந்தநாள்," என்றேன். அவர் எழுந்து நின்று வாழ்த்தினார்.

அவர் மறுபடி உட்காரவில்லை. கழுத்தில் துவாய் போட்டிருந்த இரண்டு பேர் பக்கத்து மேசையிலிருந்து எழும்பி ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். சாம்பல் ஜாக்கெட்காரி ஒரு பெயரைச் சொன்னாள். நான் கேட்டிராத பெயர். அதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ரப்பர் செருப்போடு நடந்து போனார். கண்ணாடிக்கு அப்பால், தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்த பெண்கள் பாட்டுக்குக் கை தூக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"ஆரது? ஏன் கொண்டு போகினம்?" என்று அண்ணை வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு நான் கழுவினது..."

"ஓம் அண்ணை."

ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பயந்துபோனேன். தோள் குலுங்கியது சிரிப்பில்.

அன்று மாலைச் செய்தியில் எங்கள் கட்டடத்தைக் காட்டினார்கள். இனி வீட்டில் சொல்லலாம் என்று அனுமதியும் வந்திருந்தது. நான் பாதி சொல்லும்போதே கணவர் டோஸ்ட்ருப் என்ற ஊரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டார். "தங்கச்சி, ரீவியைப் போடு. அவனை நாங்கள்தான் பிடிச்சது."

சில மாதங்களில் அந்த மனிதரை அவருடைய நாட்டுக்கு அனுப்பினார்கள். முகாமிலிருந்து உயிர் தப்பிய பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்த அன்று, ஐம்பது தாண்டிய நானும் கணவரும் வரவேற்பறையில் கை கோத்து ஆடினோம். நிலம் அதிர்ந்ததில் கீழ் வீட்டு டெனிஷ்காரி மேலே வந்து, என்ன விஷயம் என்று கேட்டாள். உள்ளே கூப்பிட்டு இருத்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.