நாற்பத்தொன்பது நாட்களுக்குள் ஒரு கோயில்

அந்த மாரிகாலத்தின் மூன்று சனிக்கிழமைகள் எனக்கு இப்போது ஒரே நாளாகத்தான் நினைவில் இருக்கின்றன. வெண்ணிறமான ஒரு நீண்ட காலைப்பொழுது, கார்க் கண்ணாடியில் உருகி வழியும் பனி, பின்னிருக்கையில் சந்தனமாலை அணிந்த ஒரு மனிதரின் படம்.

என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், நானும் அவளுக்கு மச்சாள், டோர்செட் பார்க்கில் பதினோராவது மாடியில் குடியிருப்பவள். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போன காலத்தில், பக்கத்து வரிசையில் நின்ற வியட்நாம்காரர் ஒருவரை மணந்துகொண்டாள். முப்பது ஆண்டுகள், பாதி ஆங்கிலத்திலும் மீதி சைகையிலுமாக, அமைதியான ஒரு குடும்பம் நடந்தது. பிள்ளைகள் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் அவர் இறந்துபோனார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன், தான் வழக்கமாகப் போகும் கோயிலில் தன் படத்தை வைக்கும்படி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவளைக் கேட்டிருந்தார். எந்தக் கோயில் என்று அவர் சொல்லவில்லை.

"நாளைக்குக் கேப்பம் எண்டு விட்டிட்டன், மச்சாள். அடுத்த நாள் வாயில குழாய் வைச்சிட்டாங்கள்," என்றாள்.

ஒவ்வோர் ஆண்டும் வியட்நாமியப் புத்தாண்டன்று அவர் விடியும் முன்னரே தனியே காரில் போய், கோயிலில் கொடுத்த ஒரு தோடம்பழத்துடன் திரும்பி வருவாராம். அவள் ஒருமுறையும் கூடப் போனதில்லை. அவள் போவது றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம். அங்கும் அவளை வாசலில் இறக்கிவிட்டு, அவர் காருக்குள் இருந்து பேப்பர் பார்ப்பார். இரண்டு தெய்வங்களுக்கும் இடையில் ஓடியது அந்த ஒரு கார்தான். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

வியட்நாமில் இருந்த அவருடைய அக்கா தொலைபேசியில் சொன்னது இதுதான்: நாற்பத்தொன்பது நாட்கள் தம்பி வழியில் நிற்பான், அதற்குள் அவனுக்கு ஓர் இடம் கொடுத்துவிடு. ஆனால் எங்கள் வழக்கப்படி வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவர்களுடைய புத்தாண்டும் அந்த நாட்களுக்குள்ளேயே வந்து போனது. அவரை அறிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடியிருக்கக் கூடிய அந்த ஒரு நாளில், அவள் பதினோராவது மாடியில், புத்தர் கோயிலுக்கும் துடக்கு உண்டு என்று நம்பிக்கொண்டு இருந்தாள். அந்தப் பிழையை எனக்குச் சொல்லும்போது அவள் அழவில்லை. விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக மடித்துப் பதினெட்டு வரை எண்ணினாள்.

உறவினரான அன்ரி ஒருவர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். "முப்பத்தொண்டு முடிஞ்சுதெல்லே, பிள்ளை? இனி என்னத்துக்கு அலையிறாய்?"

"எங்கட கணக்கில முடிஞ்சுது, அன்ரி. அவற்ர கணக்கில இன்னும் பதினெட்டு நாள் கிடக்கு."

அவருடைய கோயிலைத் தேட, நான் வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருந்து காருடன் வந்தேன். தயக்கத்துடன்தான் வந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். எங்கள் ஊர்ச் சந்திகளில் புத்தர் வந்து அமர்ந்த விதம் வேறு. அவருக்குப் பின்னால் எப்போதும் ஓர் இராணுவக் காவலரண் இருந்தது. தமிழிலும் பௌத்தம் இருந்தது, அழகான காவியம் செய்தது என்பதெல்லாம் நான் படித்து அறிந்தவை. படித்தது தலையில் இருந்தது. காவலரண் வயிற்றில் இருந்தது.

முதற் கோயில் ஒரு குடியிருப்புத் தெருவில், சாதாரணச் செங்கல் வீடு. முற்றத்தில் வெண்கல்லால் ஆன பௌத்தக் கருணைத்தாய் ஒருத்தி, முழங்கால்வரை பனியில் புதைந்து, நீர்க்குடத்தைச் சாய்த்தபடி நின்றாள். உள்ளே தேநீரும் ஊதுவத்தியும் கலந்த வாசனை. மச்சாள் கொண்டுவந்த பழத்தட்டை அங்கிருந்த பிக்குணியிடம் கொடுத்து, கணவரின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, என் காதுக்குள் கேட்டாள்:

"நட்சத்திரம் கேட்டா என்ன சொல்றது?"

"அவற்ர நட்சத்திரம் உமக்குத் தெரியாதே?"

"ஆர் கண்டது? இவ்வளவு காலமும் என்ர நட்சத்திரத்தைச் சொல்லித்தான் இவருக்கும் அர்ச்சனை செய்தனான்."

பிக்குணி நட்சத்திரம் கேட்கவில்லை. தட்டைப் புத்தரின் முன் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். தட்டுத் திரும்பி வரும், அதில் பூவும் பாதிப் பழமும் இருக்கும், அதன் பிறகுதான் பேச்சைத் தொடங்கலாம் என்று இருவருமே நினைத்திருந்தோம். நெடுநேரம் அப்படி நின்றோம். யன்னலுக்கு வெளியே பனி மிக மெதுவாக, விழுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. பின்னர் பிக்குணி எட்டிப் பார்த்து, குளிர்கிறதா என்று அன்புடன் கேட்டார். அங்கே கொடுத்தது கொடுத்ததுதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

படத்தைக் காரில் இருந்து எடுத்து வந்தோம். ஸ்காபரோ ஸ்ரூடியோ ஒன்றில் பெருப்பித்து, பொன்நிறச் சட்டம் போட்ட இரண்டடிப் படம். கண்ணாடியின்மேல் நெற்றிக்கு நேரே சந்தனப் பொட்டு. மாலை வாயருகே ஏறி நாடியை மூடியிருந்தது. பிக்குணி ஒரு சுவரைக் காட்டினார். அதில் இறந்தவர்களின் நூற்றுக்கணக்கான முகங்கள், எல்லாம் உள்ளங்கை அளவு. அவர் தன் உள்ளங்கையையும் எங்கள் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சாளும் சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேலாக நான் கேட்காத சிரிப்பு அது. ஆனால் இந்த முகத்தை இங்கே கண்டதில்லை என்று பிக்குணி தலையசைத்தார்.

அன்றே போன இரண்டாவது கோயில் பெரியது, சீனர்களுடையது. மண்டபத்துத் தரையில் எங்கள் காலுறைகளின் ஈரம் சிறு குளங்களாக நின்றது. அங்கேயும் அவரை ஒருவரும் அறியவில்லை. படத்தைப் பார்த்து, இவர் இந்தியரா என்று ஒரு பெண் மரியாதையுடன் கேட்டார்.

காருக்குத் திரும்பியதும் மச்சாள் படத்தை எஞ்சின் மூடியின்மேல் சாய்த்து வைத்தாள்.

"பொட்டும் மாலையுமா வைச்சிருந்தா ஆர் இவரை மட்டுக்கட்டுறது, மச்சாள்? நானெல்லே ஆளை மறைச்சு வைச்சிருக்கிறன்."

மாலையைக் கழற்றினாள். கோட்டின் கையால் பொட்டைத் துடைத்தாள். உறைந்திருந்த சந்தனம் எளிதில் போகவில்லை. வாயால் ஊதி, ஊதி, மறுபடியும் துடைத்தாள். மெல்ல ஒரு முகம் வெளிவந்தது. கூச்சத்துடன் சிரிக்கும், பக்கத்து வரிசையில் நின்று பெட்டி அடுக்கும் ஒருவருடைய முகம். அவளும் அவரை அன்றுதான் முதன்முதலாகக் காண்பதுபோலப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது கோயில். ரயர் மாற்றும் கடைக்கும் அலுமாரி செய்பவரின் பட்டறைக்கும் நடுவில், கதவுக்கு மேல் மட்டும் மஞ்சள் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். உள்ளே மணி ஒலித்தால் அப்பால் மரம் அறுக்கும் ஓசையும் சேர்ந்து கேட்கும். இரண்டும் ஒன்றாகிக் கனவில் கேட்பதுபோல் இருக்கும். சமையலறையில் தோடம்பழம் அடுக்கிய ஒரு முதியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்டிருக்கலாம், என்றார். புத்தாண்டுக் காலையில் வாசலில் பனி வழிக்கும் ஒருவர் உண்டு, இந்த முறை அவர் வரவில்லை. ஆனால் அவர் எப்போதும் தொப்பி போட்டிருப்பார், உறுதியாகச் சொல்ல முடியாது.

மச்சாள் வெளியே வந்து வாசலில் நின்றாள். தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

"இவராத்தான் இருக்குமோ?"

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"எனக்கும் தெரியேல்லை." தெருமுனையைக் காட்டி, "உதில பஸ் நிக்குது. என்ர வீட்டடியில ஏறினா ஒருக்கா பஸ் மாறினாச் சரி. இந்தக் கோயில் போதும், மச்சாள்," என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை, நாற்பத்தொன்பதாம் நாள், அதே கோயிலில், உள்ளங்கை அளவில் எடுத்துவந்த படத்தைப் பிக்குணி ஒருவர் சுவரில் வைத்தார். ஓதல் முடிய ஒரு மணிநேரம் ஆனது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் ஓரிடத்தில், அந்தக் காவலரணை நான் நினைக்கவே இல்லை என்பதை மட்டும் கவனித்தேன். மச்சாள் எழுந்து சுவரருகே போனாள். இடப்பக்கம் ஒரு கிழவி, வலப்பக்கம் ஓர் இளைஞன். அவர்கள் யார், எந்த ஊர் என்றெல்லாம் பிக்குணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புதிதாகக் குடிபோன வீட்டில் அக்கம்பக்கத்தை விசாரிப்பதுபோலவே இருந்தது. கிழவியின் படத்தைப் பார்த்துத் தலைகுனிந்து கும்பிட்டாள்.

வெளியே நான் கார்க் கதவைத் திறந்தேன்.

"வேண்டாம், மச்சாள். பஸ்ஸில போறன். வழி பழக வேணும்."

பஸ் வந்தது. அவள் ஏறிப் பின்னால் யன்னலோரம் இருந்தாள். எனக்கு வடக்கே திரும்ப வேண்டும்; திரும்பவில்லை. பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அது ஒவ்வொரு தரிப்பிலும் நின்றபோது நானும் நின்றேன். பனித்தூறலுக்குள், மங்கிய கண்ணாடிக்கு அப்பால், அவளுடைய தலை ஒவ்வொரு தரிப்பின் பெயருக்கும் நிமிர்ந்து, அதைச் சொல்லிப் பார்ப்பதுபோல அசைந்து, மறுபடி தாழ்ந்துகொண்டிருந்தது.