தளபதிக்கு நான் எழுதிய முடிவு

எங்கள் வீட்டில் நாவல் படிப்பது நான். அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் மனைவி. நான்கு வருடமாக இந்த ஏற்பாடு வெளியே யாருக்கும் தெரியாமல் நடந்தது.

நான் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்கு மேல் படிக்க வேறு பள்ளிக்குப் போக வேண்டும், முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று பேர் சொல்ல வேண்டும் என்றார்கள். வீட்டுக் கஷ்டத்தில் நின்றுவிட்டேன் என்றுதான் வெளியே சொல்வது. பேர் சொல்லப் பயந்து நின்றவன் என்றால் கேட்பவர்களுக்குப் பாவமாக இருக்காது.

என் மனைவி மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். கோலசிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறாள். விடியுமுன்னே எழுந்து ஓடுகிறவள் மாலையில் புத்தகத்தைப் பிரித்தால் இரண்டாம் பக்கத்தில் கண் சொருகிவிடும். வாய் மட்டும் சொருகாது. அவள் புக்கிட் ரோத்தானில் ஒரு பெண்கள் வாசகர் வட்டத்தில் சேர்ந்திருந்தாள். ஏழு பேர், ஒரே ஒரு புத்தகம். பட்டியல் போட்டு ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வார்கள். ஏழாவது ஆள் முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். கருத்துச் சொல்லாதவருக்கு டீ கிடையாது. வட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற பெரிய டீச்சர் போட்ட சட்டம் அது.

ஆலையில் குலை இறக்க லோரிகள் வரிசையில் நிற்கும். சில நாள் மூன்று மணி நேரம் ஆகும். மற்றவர்கள் தூங்குவார்கள், போனில் படம் பார்ப்பார்கள். நான் நாளிதழை விரித்து அதற்குள் நாவலை வைத்துப் படிப்பேன். மாலையில் அவள் மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரிக்கும்போது எதிரே உட்கார்ந்து கதையைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அவளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மண்டபத்து வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே அவள் பேசுவதைக் கேட்டு எல்லாரும் "அருமையா சொன்னீங்க அக்கா" என்பார்கள். வெளியே என் நெஞ்சு விரியும். எல்லாம் நம் சரக்கு என்று செருப்புகளைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சரித்திரக் காதல் நாவல் வந்தது. ஒரு படைத்தளபதி போரில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறான். கட்டின மனைவியையும். உண்மையைத் திடீரென்று சொன்னால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொல்ல, அவள் பாசறையிலேயே சமையற்காரியாகச் சேர்ந்து மூன்று வருடம் அவனுக்குச் சோறு போடுகிறாள். நானூற்றுச் சொச்சம் பக்கம். பட்டியலில் என் மனைவி கடைசி.

வழக்கமான கூட்டமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு மாட்டியிருக்க மாட்டேன். நாவல் எழுதியவர் அடுத்த மாதம் கோலசிலாங்கூருக்கு வருவதாக இருந்தது. அவர் முன்னால் வட்டத்திலிருந்து ஒருவர் மேடையில் பத்து நிமிடம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை யார் கருத்து நன்றாக இருக்கிறதோ அவரே பேசுவார் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நிகழ்ச்சி நடக்கப் போவது என் மனைவி வேலை செய்யும் அதே பள்ளி மண்டபத்தில்.

"வருஷா வருஷம் பரிசளிப்புக்கு அந்த மேடைக்குப் பக்கத்துக் கதவு வழியா மீகூன் தட்டத் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றாள் அவள். "ஒரு தடவ முன்பக்கமா ஏறணுங்க. நல்லாப் படிச்சுச் சொல்லுங்க."

நல்லாத்தான் படித்தேன். முந்நூற்று அறுபது பக்கம் வரை.

அன்றைக்கு வரிசை நீளம். கதையில் அவள் இனிமேல் பொறுக்க முடியாது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று விளக்கோடு தளபதியின் கூடாரத்துக்குள் நுழைகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தின் ஒட்டு விட்டு, கடைசி ஒரு கொத்துத் தாள் கையோடு வந்துவிட்டது. ஆறு பேர் விரித்து விரித்துப் படித்த புத்தகம். தாள்களை நாளிதழின் நடுவில் செருகி மடித்தேன். அதே நேரத்தில் பின்னால் நின்ற லோரிக்காரர் சன்னலைத் தட்டினார்.

"அண்ணே, பழைய பேப்பர் இருக்கா? எஞ்சின் எண்ணெய் அளக்கிற கம்பியத் துடைக்கணும்."

மடியில் நாவல் கிடந்தது. அட்டையில் ஒரு பெண் தாமரையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை மறைக்கிற அவசரத்தில் கையிலிருந்த நாளிதழை அப்படியே நீட்டிவிட்டேன்.

"தேங்ஸ் லா" என்று போய்விட்டார்.

"அண்ணே, அதுக்குள்ள ரெண்டு தாள் இருக்கு, குடுங்க" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். என்ன தாள் என்று கேட்பார். கதை என்பேன். என்ன கதை என்பார். காதல் கதை என்று நான் சொல்ல வேண்டும். மறுநாள் முதல் அந்த ஆலையில் எனக்குத் தளபதி என்றே பேர் விழும். இதையெல்லாம் வரிசையாக யோசித்து முடிப்பதற்குள், பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் பாதித் தாள்களால் கம்பியையும் மீதியால் கையையும் துடைத்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

வீட்டுக்குப் போகுமுன் பின்னட்டையைக் கோந்து போட்டுப் புத்தகத்தோடு ஒட்டினேன். பார்த்தால் முழுப் புத்தகம்போல இருந்தது. தைரியம் இல்லாதவனுக்கு இந்த மாதிரி வேலைகள் நன்றாக வரும்.

வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்து முடிவையும் நானே சொன்னேன். நான் பார்த்த படங்களில் ஞாபகம் எப்படித் திரும்பியதோ அப்படியே.

"அவ கூடாரத்துக்குள்ள போறா. அந்த நேரம் எதிரி ஒருத்தன் வந்து தளபதி தலையில கட்டையால அடிக்கிறான். பழைய ஞாபகம் எல்லாம் வந்திடுது. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிறாங்க."

கத்தி நின்றது. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நானூறு பக்கம் எழுதிட்டுக் கடைசியில கட்டையால அடிச்சிட்டாரா?"

"எழுத்தாளர் இஷ்டம். நாம என்ன செய்ய முடியும்" என்றேன். எழுத்தாளர்மேல் எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். முதலில் பேசியவர் கிளினிக்கில் வேலை செய்யும் இளம் நர்ஸ்.

"எல்லாம் மறந்தவனுக்கு வாள் சண்டை மட்டும் எப்படி டீச்சர் மறக்காம இருந்திச்சு? மோட்டார் சைக்கிள்ல விழுந்து தலையில அடிபட்டவங்கள நான் பார்த்திருக்கேன். வாந்திதான் வரும். கவிதை வராது."

அடுத்தது தையல்கார அக்கா. "எனக்கு அவன் மேலயே சந்தேகம். மூணு வருஷம் பொண்டாட்டி கையால சாப்பிட்டிருக்கான், நாக்குக்கு அடையாளம் தெரியாதா? எங்க வீட்டுக்காரருக்கு என் பேரு மறந்தாலும் என் மீன் கறி மறக்காது. அவன் நடிக்கிறான்."

"அப்படி நடிக்கிற அளவுக்கு அவனுக்கு மூளை இருக்கிற மாதிரி தெரியலியே" என்றார் டீச்சர். சிரிப்பு. இன்னொருவர் தான் நான்கு இடத்தில் அழுததாகச் சொன்னார், எந்த நான்கு என்று கேட்டதற்கு மறந்துவிட்டது என்றார். மறுபடி சிரிப்பு.

கடைசியில் என் மனைவி.

"எனக்குக் கதை பூரா பிடிச்சிச்சு டீச்சர். முடிவுதான் பிடிக்கல. மூணு வருஷம் ஒருத்தி சோறு போட்டா, புண்ணுக்கு மருந்து கட்டினா. அதுக்கெல்லாம் வராத ஞாபகம், எவனோ ஒருத்தன் கட்டையால அடிச்சதும் வந்திடுமா? அப்ப அவ பட்டதெல்லாம் எதுக்கு? அந்தக் கட்டைக்கு இருக்கிற மதிப்புகூட அவளுக்கு இல்லியா?"

நன்றாகப் பேசினாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எந்தக் கட்ட?" என்றார் தையல்கார அக்கா.

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பின்னாலிருந்து பிரித்தார். கோந்து விட்டது. அட்டை தனியாகக் கையில் வந்தது.

"முன்னூத்தி அறுபதோட நிக்குதே. மீதி எங்க?"

"படிக்காமலே கருத்தா அக்கா?" என்று தையல்கார அக்கா கேட்டது காதில் விழுந்தது. கேலியாகத்தான் கேட்டார். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி திரும்பி வாசலைப் பார்த்தாள்.

ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன். கார்ச் சாவி அவள் பையில் இருந்தது. உள்ளே போனேன்.

ஏழு பெண்களுக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, எண்ணெய்க் கம்பியிலிருந்து கோந்து வரைக்கும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ ஒருவருடையதாகக் கேட்டது. கட்டை என் கட்டை என்று சொன்ன இடத்தில் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அப்படின்னா இத்தனை நாளா எங்ககிட்ட வந்த கருத்தெல்லாம் யாரோடது?"

நான்கு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எவ்வளவோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். இப்போது யோசித்தால், நான் சொன்னது எல்லாம் கதைதான். அவன் வந்தான், இவள் போனாள். கருத்து என்று ஒன்று என் வாயிலிருந்து எப்போது வந்தது? வெங்காயத் தோலோடு அவள்தான் கேட்டுக்கொண்டே இருப்பாள், அவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் ஏன் சும்மா இருந்தாள் என்று. நான் தெரியாது என்பேன். சொந்தமாக நான் செய்தது ஒரே ஒரு முடிவு. அதையும் அவள் இப்போதுதான் கிழித்துத் தொங்கவிட்டாள்.

"கதை மட்டும்தான் நான் சொன்னது டீச்சர். கருத்து அவளோடது. இல்லாட்டி அந்தக் கட்டைய நல்லா இருக்குன்னுல்ல சொல்லியிருப்பா."

தையல்கார அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். என் மனைவி சிரிக்கவில்லை.

"படிக்காதவங்கள மேடையில ஏத்த முடியாது" என்றார் டீச்சர்.

"கடைசிப் பக்கமெல்லாம் என் போன்ல இருக்கு டீச்சர்" என்றார் நர்ஸ். முடிவைப் பற்றித் கூடப்பிறந்த அக்காவோடு சண்டை போடப் படம் எடுத்து அனுப்பியிருந்தாராம். "படிக்கட்டும். நாம டீ குடிச்சிக்கிட்டு இருப்போம்."

என் மனைவி ஒரு மூலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுத்தைப் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளி, உதடு அசையப் படித்தாள். முக்கால் மணி நேரம். டீ ஆறியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவள் கண் ஒரு முறைகூடச் சொருகவில்லை என்பதை நான் கவனித்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்று பேசினாள்.

"ஞாபகம் வரவே இல்ல. அவளும் உண்மையச் சொல்லல. இவன் பாட்டுக்கு, நீ சாப்பிட்டியான்னு கேக்கிறான். கல்யாணம் ஆன புதுசுல அவன் ஒரு நாளாவது அவள அப்படிக் கேட்டானா? நீங்க எல்லாம் படிச்சவங்க, சொல்லுங்க."

"கேக்கல" என்றார் தையல்கார அக்கா யோசித்து. "யானை வாங்கிக் குடுத்தான். ஆனா கேக்கல."

"எல்லாத்தையும் மறந்த பிறகுதான் கேக்கத் தெரிஞ்சிருக்கு. இனி பழைய ஞாபகம் வந்தா நஷ்டம் அவளுக்குத்தான். அதான் அவ சொல்லாம வந்திட்டா. எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர்."

டீச்சர் பேனாவை எடுத்துக் காகிதத்தில் அவள் பேரை எழுதினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

காரில் ஏறியதும், கூடாரத்துக்குள் அப்புறம் என்னதான் நடந்தது என்று கேட்டேன். அந்தக் கூட்டத்தில் முடிவு தெரியாத ஒரே ஆள் நான்தான். அவள் என்னிடம் பேசக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் கதை சொல்லும் ஆசை யாரை விடும். அவன் தட்டை அவளிடம் நகர்த்தியதையும், விளக்கை அவள் ஊதி அணைக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போனதையும் வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

வண்டியை நிறுத்திவிட்டு என் கருத்தையும் சொன்னேன். "எனக்கென்னமோ அவனுக்கு ஞாபகம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுது."

"அதான் உங்கள மேடையில ஏத்தல" என்று சொல்லி இறங்கிப் போனாள்.