பதினோரு முறை நின்ற மிக்ஸர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடம் எழுந்துவிடுவார். சாப்பாட்டுக்கு நடுவில் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்பார். "அது நல்லாத்தான் ஓடுது, நீங்க வந்து சாப்பிடுங்க" என்று அக்கா பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். அவர் எலக்ட்ரீஷியன், நான் ஸ்டோர் கீப்பர். வீட்டில் வாய் நிறைய மாமா என்று கூப்பிடும் நானும் ஆலைக்குள் முதுகுக்குப் பின்னால் பம்பரம் என்றுதான் சொல்வேன்.

அவர் பார்ப்பது டிரைவ் வேலை. மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டிதான் டிரைவ். கரண்ட் அதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகும். எங்கேயாவது தப்பு நடந்தால் டிரைவ் மோட்டாரை நிறுத்திவிட்டு, என்ன தப்பு என்று தன் சின்னத் திரையில் காட்டும். டிரிப் ஆகிவிட்டது என்போம். மற்ற எலக்ட்ரீஷியன்கள் ரீசெட் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மாமா முதலில் நோட்டை எடுப்பார். தேதி, நேரம், திரையில் வந்தது என்ன, அப்போது எத்தனை ஆம்பியர் ஓடியது, எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் பட்டனைத் தொடுவார். "மனுஷன் மாத்திப் பேசுவான். டிரைவ் மாத்திப் பேசாது" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர் ஒரு பெண்மணியின் வேலைக்கு உலை வைத்தார்.

மாவு பிசையும் பெரிய மிக்ஸர் மூன்று மாதத்தில் பதினோரு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரே செய்தி: எர்த் ஃபால்ட். மோட்டாருக்குள் சுற்ற வேண்டிய கரண்ட் எங்கேயோ வழி தவறி இரும்புச் சட்டத்துக்குக் கசிகிறது என்று அர்த்தம். சூப்பர்வைசர் ரீசெட் அடித்துப் பார்ப்பார், மறுபடியும் நிற்கும். அரை மணி நேரம் கழித்து அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மாமா கசிவு பார்க்கும் மெக்கர் மீட்டரோடு ஓடி வந்து, கேபிளை டிரைவிலிருந்து கழற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். டிரைவையே மாற்றிப் பார்த்தார். புது டிரைவும் அதே பாட்டைப் பாடியது. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

கடைசியில் பதினோரு தேதிகளையும் எடுத்து ஷிஃப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மிக்ஸரில் மூன்று பேர் மாறி மாறி வேலை செய்கிறார்கள். பதினொன்றும் ஒரே ஆளின் ஷிஃப்டில் விழுந்திருந்தன. அவர் காலை ஷிஃப்டுக்கு வந்த வாரம் காலையில், பகலுக்கு வந்த வாரம் பகலில். மாமா அதை அழகாக ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தார். உள்நோக்கம் எதுவும் இல்லை. எழுதியதைக் கொடுப்பது அவர் பழக்கம், அவ்வளவுதான்.

அந்த ஆள், ஆலையில் எல்லாரும் மிக்ஸர் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி. பத்தொன்பது வருடமாக அதே மிஷின். வாய் கொஞ்சம் துடுக்கு. மேனேஜரே மிக்ஸர் பக்கம் வந்தாலும் எழுந்து நிற்காத ஜென்மம். மேனேஜருக்கு அந்தத் தாள் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறாள், இல்லையென்றால் ஓட்டத் தெரியவில்லை, இரண்டில் ஒன்று என்றார். வெள்ளிக்கிழமையோடு மிக்ஸரை விட்டு இறங்க வேண்டும், திங்கள்கிழமையிலிருந்து பேக்கிங்கில் காண்ட்ராக்ட் ஆள் என்று உத்தரவு. பத்தொன்பது வருடச் சர்வீஸ் ஒரே தாளில் போச்சு.

மாமா நேராக ஸ்டோருக்கு வந்தார். "நான் அதுக்காகவா கொடுத்தேன்?" என்று என்னிடம் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் ஸ்டோரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே கேட்டார்.

"நீங்க எழுதினது நெஜம்தானே மாமா. அதுக்கு மேல உங்களுக்கு என்ன?"

"நெஜம்தான்டா. ஆனா பாதி. ஏன்னு தெரியாத வரைக்கும் அது பாதிதான்."

டிரிப் ஆன பிறகு ஓடிப் போவதால்தான் ஒன்றும் அகப்படவில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை காலை சைரன் ஊதியதும் மிக்ஸருக்கு எதிரே போய் நின்றுகொண்டார். நின்றார் என்பது பேச்சுக்கு. எட்டடி போவதும் எட்டடி வருவதுமாக இருந்தார்.

மிக்ஸர் அக்கா மாவு மூட்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன தம்பி, எனக்குக் காவலா? எழுதிக் கொடுத்தது போதாதா?"

"மிஷினைப் பாக்க வந்தேன்க்கா."

"மிஷின் இங்க இருக்கு. நீங்க என்னைப் பாக்கறீங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டு நடையைத் தொடர்ந்தார். செவ்வாய் ஒன்றும் நடக்கவில்லை. புதனும் நடக்கவில்லை. மற்ற வேலைகள் தேங்கின. சூப்பர்வைசர் எரிச்சலில் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். வீட்டில் மாமா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மாமாவுக்கு என்னடா ஆச்சு? குக்கர் விசில் அடிச்சா திரும்பிப் பாக்கறாரு." எனக்கென்ன தெரியும் என்று தோளைக் குலுக்கினேன். மிஷின் ஏன் நிற்கிறது என்று உண்மையிலேயே அப்போது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு பிஸ்கட் சுடும் அடுப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தியதில் மிக்ஸருக்கும் இடைவேளை கிடைத்தது. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கிளிப் வேண்டும் என்று மிக்ஸர் அக்கா கேட்டிருந்தார். அதைக் கொடுக்க நானே போயிருந்தேன். கிளிப்பை மாட்டிவிட்டு அவர் மிக்ஸரைக் கழுவ ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒருமுறை மிஷினை மேலிருந்து கீழ்வரை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறது. மற்ற இரண்டு பேரும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கழுவியாச்சு என்று பலகையில் டிக் அடித்துவிடுவார்கள். இவர் ஏணி போட்டு ஏறி, மோட்டாரின் தலைக்கு மேலே படிந்திருந்த மாவுத் தூசிவரை பீய்ச்சி அடித்தார்.

"அங்கேயுமா கழுவறீங்க?" என்றார் மாமா.

"அங்கதான் பூச்சி வைக்கும். பிஸ்கட்ல பூச்சி வந்தா உங்க டிரைவ் வந்து பதில் சொல்லுமா?"

நடந்துகொண்டிருந்த மாமா நின்றார். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை, எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். மேலே தொங்கும் கேபிளில் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. கேபிள் மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் நுழையும் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. வழிந்த தண்ணீர் நேராக அதற்குள் போனது.

மாமா மெயினை நிறுத்தினார். டிரைவுக்குள் தேங்கிய மின்சாரம் இறங்க ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை அவர் எப்போதும் குறைத்ததில்லை, அன்றைக்கும் குறைக்கவில்லை. பிறகு பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு கரண்டித் தண்ணீரும், அடியில் பசையாகக் காய்ந்த மாவும். கழுவிய பிறகு ஓட்டினால் கரண்ட் தண்ணீர் வழியாகக் கசியும். ஏற்கெனவே சூடாக இருக்கும் மோட்டார் அரை மணி நேரத்தில் அதை உலர்த்திவிடும். ஒழுங்காகக் கழுவுகிற ஒரே ஆள் ஷிஃப்டில் மட்டும் மிஷின் நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

கேபிள் வாய் எப்போதும் கீழே பார்த்து இருக்க வேண்டும். மாமாவுக்குத் தெரியாததா? மூன்று மாதத்துக்கு முன் மோட்டாரை மாற்றியவரும், பெட்டியைத் திருப்பி வாயை மேலே பார்க்க வைத்தவரும் அவர்தான். புது மோட்டாரில் பெட்டி எதிர்ப்பக்கம் இருந்தது. பழைய கேபிள் ஒரு முழம் பத்தவில்லை. வாயை மேலே திருப்பினால் கேபிள் எட்டியது. சுற்றிலும் ரப்பர் பசையைத் தடவி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். பசை இரண்டு வாரத்தில் விரிசல் விட்டிருக்கும். மெக்கரில் மோட்டார் சுத்தமாக வந்ததால், தன் கைவேலைமேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மத்தியானம் ஸ்டோருக்கு வந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. சாயங்காலம் ஷிஃப்ட் மாறும்போது பெட்டி வாயை நல்லா அடைச்சுடுங்க. யார் காதுக்கும் போக வேண்டாம். அதுக்கப்புறம் மிஷின் நிக்காது. எல்லாரும் மறந்துடுவாங்க."

"நாளைக்கு அவங்களை இறக்கறாங்க. திங்கட்கிழமையில இருந்து மிஷின் நிக்காது." மாமா என்னையே பார்த்தார். "அப்ப என்னடா அர்த்தம்? அவங்கதான் காரணம்னு நானே முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?"

எனக்குக் கோபம் வந்தது. ஊரில் இருக்கிற எல்லாருக்கும் நல்லவராக இருக்க வேண்டுமா இவர்? பெரிய எலக்ட்ரீஷியன் பதவி இந்த வருடம் அவருக்குத்தான் என்று பேச்சு இருந்தது. அக்காவுக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் அறையில் மிக்ஸர் அக்கா ஒரு ஓரம், சூப்பர்வைசர் ஒரு ஓரம். கேபிள் கணக்குப் புத்தகத்தோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமா நடக்க இடமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆனால் சொல்ல வேண்டியதைத் திக்காமல் சொன்னார். தண்ணீர், கேபிள், வாய், எல்லாம். "மாட்டினது நான் சார். தப்பு என்னோடது. அவங்க பலகையில எழுதினபடி கழுவியிருக்காங்க."

மேனேஜர் முகம் சுருங்கியது. "ஒரு முழம் பத்தலைன்னா ஸ்டோர்ல கேட்டு வாங்கறதுக்கென்ன?"

மாமா என் பக்கம் திரும்பவில்லை. "கேட்டிருக்கணும் சார்."

கேட்டார். மூன்று மாதத்துக்கு முன்னால் அளவு எழுதிய சீட்டோடு வந்து கேட்டார். ஸ்டோரில் இல்லை, இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள் என்று சொன்னவன் நான். அதைச் சொல்ல வாய் திறந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சொல்ல எனக்கு ஒன்றுமில்லை என்பது மாதிரி நின்றேன்.

மிக்ஸர் அக்காவின் உத்தரவு கிழிபட்டது. மாமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம், பதவி அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆனது. வெளியே வந்ததும் மிக்ஸர் அக்கா நன்றி எதுவும் சொல்லவில்லை.

"பதினோரு தடவை நோட்டுல எழுதினீங்களே தம்பி. ஒரு தடவை என்கிட்ட வந்து, அக்கா அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்க்கா" என்றார் மாமா. உள்ளே பொய்யாகச் சொன்ன அதே வார்த்தை, இங்கே நிஜமாக வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் பாட்டுக்கு உறுமியது, அவர் அசையவில்லை. நான்தான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். "அவரோட வியாதி உனக்கு ஒட்டிக்கிச்சா?" என்றாள் அக்கா. பதவி போன விஷயத்தை மாமா அவளிடம் சொல்லியிருந்தார். என்னிடம் கேபிள் கேட்டதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது நான் திரும்பி மறுபடியும் வாசலுக்கு நடந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே கதைதான்.

திங்கள்கிழமை மிக்ஸரைக் கழுவுவதற்கு முன்னால் புதுக் கேபிள் இழுத்துவிட வேண்டும் என்று மாமா ஸ்டோருக்கு வந்தார். பின் அலமாரிக்கு அடியிலிருந்து முழு ரோலை உருட்டி வந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கேட்டபோதும் அது அங்கேதான் இருந்தது. வருடாந்திரச் சரக்குச் சரிபார்ப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பிரிக்காத ரோலாக இருந்தால் எண்ண வேண்டாம், ஒன்று என்று எழுதினால் போதும். வெட்டினால் மீதியை அளந்து எழுத வேண்டும். அந்த அரை மணி நேர வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் இல்லை என்று சொன்னேன். வேறு பெரிய காரணம் ஏதும் கிடையாது.

ரோலில் வந்து சேர்ந்த தேதி எழுதிய அட்டை தொங்கியது, என் கையெழுத்தில். மோட்டார் மாற்றியதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. மாமா அளவு சொல்லிக்கொண்டே அங்கும் இங்கும் நடந்தவர், அட்டையைத் திருப்பிப் படித்தார்.

அப்புறம் நின்றார். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை.

வெட்டுக் கத்தியை மேசைமேல் வைத்தேன். "மேனேஜர் ரூம்ல இருக்காரா மாமா?"

"இருக்காரு." அட்டையை விட்டுவிட்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். "முதல்ல கேபிளை வெட்டு. அந்த அக்கா கழுவறதுக்கு நிக்கிறாங்க."