மூன்றாம் பாட்டில் திரும்பும் கண்டக்டர்

வீட்டில் எது நின்றுபோனாலும் காஜாக்காவிடம் ஒரே வைத்தியம்தான்: ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய், குடை விரியாவிட்டால் எண்ணெய், பூட்டு முரண்டு பிடித்தால் எண்ணெய். சின்ன வயதில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலைக்கு உட்கார்ந்தவள், இப்போது வீட்டின் முன்னறையிலேயே சொந்தத் தையல் கடை நடத்துகிறாள். பழைய பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது, எண்ணெய்க் குப்பியைப் போலவே.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாளன்று டிப்போக்காரர்கள் ஒரு சிடி ப்ளேயரும் ஒரு பேண்டு வாத்திய டிஸ்கும் கொடுத்து அனுப்பினார்கள். "எனக்கு எதுக்குடா இது" என்று அதைப் பரண்மேல் போட்டார். பக்கவாதம் வந்து இடது கால் சொன்ன பேச்சு கேட்காமல் போனபிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அவருக்கு நடை வரும், புறப்பாடுதான் வராது. கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஆயுசு முழுக்க ஊருக்கே ரைட் கொடுத்தவருக்குத் தன் காலுக்கு ரைட் கொடுக்க முடியவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், "தாளம் கேட்டா கால் தானா கிளம்பும், பாட்டுப் போட்டு நடக்க விடுங்க" என்றாள். அப்படியே கிளம்பியது.

முதலில் போனில்தான் பாட்டுப் போட்டார்கள். ஆனால் அது கடை போன். அவர் நடக்கும் நேரம் பார்த்து, "அக்கா, என் பேண்ட் ரெடியா?" என்று யாராவது கூப்பிடுவார்கள். பாட்டு நிற்கும், கண்டக்டரும் நடு அறையில் நட்டு வைத்த மாதிரி நிற்பார். ஆகவே சிடி ப்ளேயர் பரணிலிருந்து இறங்கித் துணி வெட்டும் மேஜைமேல் குடியேறியது.

முதல் இரண்டு பாட்டுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவார். மூன்றாவதற்கு எழுந்து கைத்தடியோடு வாசல் பக்கம் நடப்பார். வாசலை நெருங்கும் நேரம் பாட்டு ஓரிடத்தில் டக் டக் டக்கென்று தத்தும். காஜாக்காவின் கட்டைவிரல் பிசுக்கு டிஸ்கின் அடியில் பதிந்திருந்த இடம் அது. உடனே திரும்பிவிடுவார்.

"ஒரு தரம் வெளியிலதான் போய்ப் பாருங்களேன்."

"ஸ்டாப் வந்துடுச்சு. திரும்ப வேண்டியதுதான்."

தெருவில் நாலு பேர் பார்க்க இழுத்து இழுத்து நடக்க அவருக்கு வெட்கம். காஜாக்காவுக்கோ வேறு பயம். இந்த வாசலைத் தாண்டாத கால் அப்படியே வீட்டோடு தங்கிவிடும் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இந்த லட்சணத்தில் ப்ளேயரும் ஒரு நாள் படுத்துவிட்டது. டிஸ்கைப் போட்டால் உள்ளே கிர்ரென்று தேடும், அப்புறம் டிஸ்க் இல்லை என்று கையை விரிக்கும். காஜாக்கா எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். அதற்குப்பிறகு தேடக்கூட இல்லை.

"பாட்டு வரட்டும், நடக்கிறேன்" என்று கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார். அவள் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, நாலு கடை தள்ளி இருக்கும் ரேடியோ மெக்கானிக்கிடம் போனாள். அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"எண்ணெய் விட்டீங்களாக்கா?"

"ஒரு சொட்டுதான் தம்பி. பல்சக்கரத்துல விட்டேன். அந்தக் கண்ணாடிப் பொட்டுலயும் கொஞ்சம் வழிஞ்சிருக்கும்."

"அதுதான்க்கா இதுக்குக் கண்ணு. கண்ணுல எண்ணெய ஊத்திட்டுப் படின்னா என்னத்தப் படிக்கும்?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருன்னு சொல்றதில்லையா?"

"அது மனுஷனுக்குக்கா."

ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தான். உள்ளேயிருந்து ஒரு குட்டித் தலையணைக்கு ஆகிற பஞ்சு கிளம்பியது. எல்லாம் அவள் வெட்டிய துணியின் தூசி. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தையின் கண்ணைத் துடைக்கிற மாதிரி அந்தக் கண்ணாடியைத் துடைத்தான். டிஸ்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக ஒற்றி எடுத்தான். வட்டமாகத் தேய்க்கக் கூடாதாம். ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும், டிஸ்க் வைக்கும் தட்டைத் திறந்தே போடக்கூடாது, வெட்டு மேஜை பக்கமே வைக்கக்கூடாது.

"மேல துணிய அடுக்காதீங்க, சூடாயிடும். முக்கியமா அந்தக் குப்பிய அது கண்ணுலயே காட்டாதீங்க."

அன்று சாயங்காலம் ப்ளேயர் சுவர் அலமாரிக்கு இடம் மாறியது. பாட்டு கணீரென்று வந்தது. காஜாக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டு ஓடி முடிந்து நாலாவது தொடங்கிவிட்டது. கைத்தடிச் சத்தம் மட்டும் திரும்பி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியிலும் ஆள் இல்லை, வாசலிலும் இல்லை.

கழுத்தில் டேப் தொங்கத் தெருவுக்கு ஓடினாள். மெக்கானிக் கடை முன்னால் கண்டக்டர் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். மெக்கானிக்கின் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன சார், மறுபடியும் நின்னுடுச்சா?"

"பெட்டி ஓடுது தம்பி. நான்தான் நின்னுட்டேன்." அவளைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "பாட்டு தத்தவே இல்லடி. திரும்புற எடம் வரும் வரும்னு நடந்துட்டேன். இங்க பாட்டே கேக்கல, கால் ஒட்டிக்கிச்சு."

"கடை நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம்க்கா" என்றான் மெக்கானிக்.

"சும்மா இரு தம்பி." இன்றைக்குத் தூக்கிக்கொண்டு போனால் இந்த மனிதர் இனி ஜென்மத்துக்கும் தெருவில் கால் வைக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவரை வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். இடது பக்கம் போய், பின்னால் அவர் பெல்டைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கடைத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"போலாம், ரைட்."

கண்டக்டர் திரும்பி முறைத்தார். "அது நான் சொல்றது."

"ஊருக்கெல்லாம் நீங்க சொன்னீங்க. உங்களுக்கு யாரு சொன்னா?" இன்னும் இரண்டு தட்டு. "ரைட் ரைட்."

கால் கிளம்பியது.

கடை கடையாக வந்தார்கள். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அடுத்த கடையின் ஷட்டரைத் தட்டினாள், மறுபடி கிளம்பியது. வழியில் நாலு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வீட்டை நெருங்க நெருங்க அலமாரியிலிருந்து பேண்டு வாத்தியம் கேட்டது. அதற்குள் கால் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"ஸ்டாப் வந்துடுச்சு, எறங்குங்க" என்றாள் வாசலில்.

அவர் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"நீ டிக்கெட் எடுத்தியா?"

"பாஸ்" என்றாள் காஜாக்கா, பெல்டிலிருந்து கையை எடுக்காமல்.